நின்றவரும் நிறுத்தப்பட்டவரும்

முகப்பில் அமரவிருக்கும் இளம் நண்பர்களுக்கு,

நீங்கள் கவுண்டர் என்று வழங்கும் இடத்தை நான் முகப்பு என்றே எழுதியும் பேசியும் பழகியவன். அதற்காக எங்கள் கிளை அலுவலகத்தில் என்னைக் கேலி செய்யாதவர் குறைவு. நான் படியேறி வரும்போதே, "பண்டிதர் வந்துட்டார், எல்லாரும் இலக்கணமா உட்காருங்க" என்று ஒருவர் குரல் கொடுப்பார். நான் வருந்தியதில்லை. சொல்லின்மேல் எனக்குள்ள பற்று, காப்பீட்டுப் பணியில் பெரும்பாலும் யாருக்கும் பயன்பட்டதில்லை என்பதை நானே ஒப்புக்கொள்வேன். ஒருமுறை பயன்பட்டது. அதைத்தான் எழுதுகிறேன்.

விதிகளை நான் விளக்கப்போவதில்லை. அவற்றைப் பயிற்சியில் உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். கணினியும் ஒவ்வொரு கட்டத்திலும் நினைவூட்டும். இந்தக் கதைக்குத் தேவையான ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். காப்பீடு செய்யப்பட்ட தொழிலாளி ஒருவர் தம் விருப்பமின்றி வேலையிழந்தால், ஊதியத்தில் ஒரு பங்கைச் சில திங்களுக்கு நாம் உதவித்தொகையாக வழங்குகிறோம். வாழ்நாளில் ஒருமுறைதான் அது கிடைக்கும். தாமே வேலையை விட்டு விலகியவருக்குக் கிடைக்காது.

ஆக, நம் முன்னால் நிற்பவர் விலகினாரா, விலக்கப்பட்டாரா என்பதே கேள்வி. கேட்பதற்கு எளிது. ஆனால் இந்த ஊரில் விடை எப்படி வரும் தெரியுமா?

நில் என்னும் வினையை எடுத்துக்கொள்ளுங்கள். நின்றான் என்பது தன்வினை. நிறுத்தினான் என்பது பிறவினை. பள்ளியில் இதைப் படித்தபோது தேர்வுக்கு மட்டும் உதவும் செய்தி என்று எண்ணியிருப்பீர்கள். நம் முகப்பில் அது ஒரு குடும்பத்தின் அடுத்த சில திங்களைத் தீர்மானிக்கும். பெங்களூர்த் தமிழர் வேலை இல்லையென்றானதும் "நின்னுட்டேன்" என்பார்கள். தாமே நின்றவரும் அப்படித்தான் சொல்வார். கதவை அடைத்து வெளியே அனுப்பப்பட்டவரும் அப்படித்தான் சொல்வார். கன்னடத்தில் "பிட்டே" என்பார்கள், விட்டேன் என்று பொருள். அங்கும் இதே கதைதான். "வேலை போயிருச்சு" என்பவர்களும் உண்டு. அவர்கள் பேச்சில், வேலை தானே செருப்பை மாட்டிக்கொண்டு புறப்பட்டுப் போனதுபோல் இருக்கும். மென்பொருள் நிறுவனங்களில் இருப்பவர்கள் "பிரேக்ல இருக்கேன்" என்கிறார்களாம். அவர்கள் ஊதியம் நம் வரம்புக்கு மேற்பட்டது என்பதால் அந்தச் சொல்லை எடைபோடும் பொறுப்பு நமக்கு வந்ததில்லை. "தூக்கிட்டாங்க" என்று நேராகச் சொல்பவர்கள் மிகச் சிலர். அவர்களை நான் மனமார வாழ்த்துவேன்.

இதில் நம் பங்கும் உண்டு. நாம் கேட்கும் கேள்வி என்ன? "ஏன் வேலையை விட்டீங்க?" கன்னடத்தில் கேட்டால், "யாக்கே பிட்ரி?" விட்டவர் நீங்கள்தான் என்று நாமே முடிவுகட்டிவிட்டு, காரணத்தை மட்டும் கேட்கிறோம். யாரும் தீய எண்ணத்தோடு கேட்பதில்லை. நாவில் அப்படியே ஊறிவிட்டது.

எனக்கு முன்னால் அங்கே தலைமை எழுத்தராக இருந்த அம்மையார் ஒருவர் மட்டும் அப்படிக் கேட்க மாட்டார். "கடைசி நாளு டிபன் பாக்ஸ்ல என்ன எடுத்துட்டுப் போனீங்க?" என்பார். புதிதாக வந்த நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். அவர் பொருட்படுத்த மாட்டார். ஒருநாள் காரணம் கேட்டேன். "அந்த நாளுக்கு ஆளைத் திருப்பிக் கூட்டிட்டுப் போகணும் இல்லையா? சாப்பாட்டைக் கேட்டா போயிருவாங்க. காரணத்தைக் கேட்டா, வீட்ல யோசிச்சு வெச்ச பதில்தான் வரும்" என்றார். இது விதியன்று, எந்த வழிகாட்டு நூலிலும் இல்லை. எப்போதும் பலிக்கும் என்றும் நான் உறுதி கூற மாட்டேன்.

இனி நிகழ்ச்சிக்கு வருகிறேன். பெருந்தொற்று ஓய்ந்த பின்வந்த ஆண்டுகளில் ஒரு திங்கட்கிழமை. நகரின் தொழிற்பகுதியான பீன்யாவில் வாகன உதிரிப்பாகங்கள் செய்யும் ஒரு நடுத்தரத் தொழிற்கூடம் தன் ஒரு பிரிவை மூடியிருந்தது. ஆட்களை ஒரே நாளில் அனுப்பாமல் சிறுசிறு கூட்டமாக அனுப்பியிருந்தார்கள். அன்று அவர்களில் பலர் எங்களிடம் வந்திருந்தனர். வரிசை படிக்கட்டுவரை நீண்டிருந்தது. முகப்பில் சவிதா என்னும் என் உடன்பணியாளர் அமர்ந்திருந்தார். கன்னடப் பெண், தமிழும் நன்றாகப் பேசுவார், கைவேகத்தில் அவருக்கு இணையில்லை. மேலாளர் விடுப்பில் இருந்ததால் அன்றைய பொறுப்பு என்னுடையது.

ஆரோக்கியராஜ் என்பவரின் முறை வந்தது. ஐம்பதைக் கடந்தவர். மடிப்புக் கலையாத சட்டை, பையில் பேனா. அந்த மூடப்பட்ட பிரிவில் ஷிஃப்ட் இன்சார்ஜ், அதாவது ஒரு வேளைப் பணிக்கு முழுப் பொறுப்பாளர். விவேக் நகரிலிருந்து மனைவி ஸ்டெல்லாவுடன் வந்திருந்தார். ஆனால் இருவரும் சேர்ந்து நிற்கவில்லை. ஸ்டெல்லா சற்றுத் தள்ளிச் சுவரோரம் நின்றிருந்தார்.

சவிதா வழக்கமான கேள்வியைக் கேட்டார். "ஏன் வேலையை விட்டீங்க?"

"நானே நின்னுட்டேன், மேடம்." வரிசையில் நிற்பவர்கள் அனைவருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"யாரும் போகச் சொல்லலையா?"

"என்னை யாரு சொல்றது? நானே நின்னுட்டேன்."

சுவரோரத்திலிருந்து ஸ்டெல்லா, "கேட்டுக்குங்க மேடம். வீட்லயும் இதே பாட்டுதான். ராஜா மாதிரி நின்னுட்டு வந்தாராம். ராணி இங்க ஸ்கூல்ல தரை தொடச்சிட்டிருக்கேன்" என்றார்.

வரிசையில் சிலர் சிரித்தார்கள். ஆரோக்கியராஜ் திரும்பவில்லை.

சவிதா என் பக்கம் திரும்பினார். "சார், இவரு தாவே பிட்டே அந்தாரே. சப்மிட் மாட்லா?" தாமே விட்டதாக இவர் சொல்கிறார், சமர்ப்பித்துவிடவா என்பது பொருள். அவர் விரல் பொத்தானின்மேல் இருந்தது. அதை அழுத்தினால் விண்ணப்பம் மேலிடத்துக்குப் போய்விடும்; 'தாமே விலகினார்' என்ற குறிப்போடு போகும் விண்ணப்பம் மறுக்கப்பட்டுத் திரும்பும். அதற்குப் பின் மேல்முறையீடு, விசாரணை என்று அலைய வேண்டும். தாமே விலகியதாக ஒருவர் தம் வாயால் சொல்லிவிட்ட பிறகு, அதற்கு மாறான சான்றைத் தேடித் திரியும் கடமை எந்த அலுவலகத்துக்கும் இல்லை.

"பொறுங்கள்" என்றேன்.

அந்தக் கணத்தில் நான் எண்ணியவற்றை உங்களுக்குச் சொல்ல வேண்டும்; ஏனெனில் அதே இடத்தில் நீங்களும் ஒருநாள் நிற்பீர்கள். மூடப்பட்ட ஒரு பிரிவிலிருந்து வந்த மற்ற அனைவரும் நிறுத்தப்பட்டவர்கள். அதன் பொறுப்பாளர் மட்டும் எப்படித் தாமே நின்றிருப்பார்? ஆனால் அது நடக்கக்கூடாததும் அன்று. கப்பல் மூழ்கும் என்று முன்பே அறிந்து விலகுபவர்களும் உண்டு. நான் ஐயுறலாம், முடிவுகட்டக் கூடாது. அவர் சொல்லாத சொல்லை அவர் வாயில் வைக்கவும் எனக்கு உரிமையில்லை. "நிறுத்திட்டாங்கன்னு சொல்லுங்க" என்று சொல்வது இரக்கம்போல் தோன்றும். அன்று ஒருவருக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்தால், மறுநாள் வரிசையில் நிற்கும் அனைவரும் அதையே ஒப்புவிப்பார்கள். பிறகு உண்மையாகவே நிறுத்தப்பட்டவரின் சொல்லுக்கும் மதிப்பிருக்காது.

"உள்ளே என் மேசைக்கு வாருங்கள், அமர்ந்து பேசலாம்" என்றேன்.

"இங்கயே சொல்றேன் சார். ஒளிக்கிறதுக்கு என்ன இருக்கு?" என்றார். வரிசையின் முன்னிலையில் உள்ளே அழைத்துச் செல்லப்படுவதை அவர் விரும்பவில்லை என்று புரிந்தது. வற்புறுத்தவில்லை.

அப்போதுதான் பழைய தலைமை எழுத்தர் அம்மையாரின் கேள்வி என் நினைவுக்கு வந்தது. இத்தனை பேர் முன்னால் கேட்கக் கூச்சமாக இருந்தது. கேட்டேன்.

"கடைசி நாளன்று பணிக்குச் சாப்பாடு என்ன கொண்டுபோனீர்கள்?"

பின்னாலிருந்து ஒருவர், "அதுக்கும் ஃபார்ம்ல கட்டம் இருக்கா?" என்றார். மீண்டும் சிரிப்பு. ஆரோக்கியராஜ் என்னையே பார்த்தார். பதில் சுவரோரத்திலிருந்து வந்தது.

"எலுமிச்சம்பழ சாதம், உருளைக்கிழங்கு. அப்படியே திரும்பி வந்துச்சு சார். மூடியத் தொறக்கவே இல்ல. ஏன்னு கேட்டா, நின்னுட்டேன், பசிக்கலன்னாரு."

"ஏன் சாப்பிடவில்லை?" என்று அவரையே கேட்டேன்.

"நேரமில்ல சார். மெஷின் எல்லாத்தையும் ஒண்ணொண்ணா நிறுத்தணும். ஆயில் வடிக்கணும். துடைச்சு, மேல உறை போடணும். அப்புறம் மெயின் ஸ்விட்ச்."

"யார் செய்தார்கள்?"

"நான்தான். எல்லாரும் போயிட்டாங்களே."

"செய்யச் சொன்னது?"

"மேலருந்து சொன்னாங்க."

"பிறகு?"

"சாவியக் கொடுத்துட்டு வந்துட்டேன்."

"மறுநாள் வரச் சொன்னார்களா?"

அதுவரை திரும்பாதவர், தோளுக்கு மேலாகத் தமக்கு அடுத்து நின்றவரை ஒருமுறை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்து நின்றவர் முனிராஜ். அதே பிரிவில் வேலை பார்த்தவர், முப்பது வயதிருக்கும், அதுவரை தலையைக் கவிழ்த்தபடி கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது நிமிர்ந்தார்.

"சொல்லுங்கண்ணா. எங்களுக்கு மட்டும் அவ்ளோ பாடம் எடுத்தீங்க இல்லா?"

"நீ சும்னே இரு, முனிராஜ்."

"எப்படிண்ணா சும்னே இருக்கிறது? சார், எங்க லைன்ல ஆளுங்கள ஒவ்வொருத்தரா கூப்ட்டு, நாளையிலருந்து வேணாம்னு சொன்னதே இவருதான். மேல இருக்கிறவங்க ஒருத்தரும் கீழ எறங்கி வரல. சொல்லிட்டு கேட் வரைக்கும் கூட வந்தாரு. வந்து என்ன சொன்னாரு தெரியுமா? 'டேய், எங்க போய்க் கேட்டாலும் நின்னுட்டேன்னு சொல்லித் தொலைக்காதீங்க. நிறுத்திட்டாங்கன்னு சொல்லுங்க. இல்லன்னா ஒண்ணும் வராது'ன்னாரு. சொன்னதோட விட்டாரா? ஸ்கூல் பசங்க மாதிரி ஒவ்வொருத்தனையும் திருப்பிச் சொல்ல வெச்சாரு. வாட்ச்மேன் சிரிக்கிறான்."

யாரும் சிரிக்கவில்லை இம்முறை.

அறியாமையால் ஒருவர் தவறான சொல்லைச் சொல்லிவிட்டார் என்றே அதுவரை நான் எண்ணியிருந்தேன். அப்படியன்று. என்னைவிட நன்றாகவே அந்த வேறுபாட்டை அறிந்தவர் அவர். ஆட்களை நிறுத்தும் வேலையை அவரிடம் கொடுத்தார்கள். அதை முடித்ததும் அவரையும் நிறுத்தினார்கள். இப்போது தம் வாயால் 'நிறுத்திட்டாங்க' என்று சொல்ல வேண்டுமென்றால், தாம் யாரை நிறுத்தினாரோ அவர் காதில் விழும்படி சொல்ல வேண்டும். 'நிறுத்திட்டாங்க' என்னும் சொல்லில் எழுவாய் வெளிப்படையாக இல்லை. முனிராஜ் அதைச் சொல்லும்போது, அந்த 'அவங்க' யார்? அதற்கு ஒரு முகம் உண்டு என்றால், அது ஆரோக்கியராஜின் முகம்தான். தமக்கும் அவர்களுக்கும் ஒரே சொல் பொருந்தும் என்று அவரால் எப்படிச் சொல்ல முடியும்?

முனிராஜ் சொன்னதை வைத்தே சவிதாவிடம் மாற்றி எழுதச் சொல்லியிருக்கலாம். உண்மை வெளிவந்துவிட்டதே என்று தோன்றும். நான் அப்படிச் செய்யவில்லை. விண்ணப்பம் ஆரோக்கியராஜுடையது. நாளை யாரேனும் கேட்டால் அவர்தான் அந்தச் சொல்லுக்குப் பொறுப்பேற்க வேண்டும். "நான் அப்படிச் சொல்லலையே, அவங்களே எழுதிக்கிட்டாங்க" என்று ஒருவர் சொல்லும் நிலையை நாம் உண்டாக்கக் கூடாது. ஆனால் அவரை விரட்டிப் பதில் வாங்கவும் எனக்கு மனமில்லை.

"ஐயா," என்றேன், "இந்த இடத்தில் ஒரே ஒரு சொல்தான் எழுத முடியும். அது உங்கள் சொல்லாக இருக்க வேண்டும். நான் சொன்னாலும் செல்லாது, இவர் சொன்னாலும் செல்லாது, உங்கள் மனைவி சொன்னாலும் செல்லாது. இதைக் கடைசியாக நிரப்பலாம். நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்."

சவிதா விரலைப் பொத்தானிலிருந்து எடுத்துவிட்டார். வரிசையில் எவரும் நேரமாகிறது என்று முணுமுணுக்கவில்லை. எங்கள் அலுவலகத்தில் அது அரிது.

ஸ்டெல்லா சுவரை விட்டு வந்தார். கணவரின் அருகில் நின்று, அதுவரை பேசாத குரலில் கேட்டார்.

"ஏங்க, உங்களையும் நிறுத்திட்டாங்களா?"

அவர் எங்களைப் பார்க்கவில்லை, மனைவியைத்தான் பார்த்தார்.

"ஆமா, ஸ்டெல்லா. நிறுத்திட்டாங்க."

சவிதா, "எழுதட்டுமா சார்?" என்று என்னைக் கேட்டார். அவரைக் கேளுங்கள் என்று கைகாட்டினேன்.

"எழுதுங்க மேடம்" என்றார் ஆரோக்கியராஜ்.

"இத என்கிட்ட சொல்ல என்னங்க? நீங்களா நின்னுட்டு வந்துட்டீங்கன்னுதானே நான் தினம் உங்கள அரிச்சிட்டிருந்தேன்" என்றார் ஸ்டெல்லா.

"நிறுத்திட்டாங்கன்னு சொன்னா நீ பாவம்னு பாப்பே. நின்னுட்டேன்னு சொன்னா திட்டுவே. திட்டு வாங்குறது எனக்குப் பழக்கம்தானே."

"நல்லா இருக்கு நியாயம்" என்றார் அவர். ஆனால் கணவர் கையிலிருந்த காகிதங்களை வாங்கித் தம் பையில் வைத்துக்கொண்டார்.

இதற்குப் பின் நடந்தவை உங்களுக்குப் பழகிய நடைமுறைதான். தொழிற்கூடத்தின் பதிவுகளோடு ஒப்புநோக்கினோம். பிரிவு மூடப்பட்டதால் நீக்கம் என்றே அங்கும் இருந்தது. விண்ணப்பம் ஏற்கப்பட்டது. அன்று முகப்பிலேயே 'தாமே விலகினார்' என்று அனுப்பியிருந்தால், அந்தப் பதிவைப் பார்க்கும் இடம்வரை விண்ணப்பம் போயிருக்காது.

பொய் சொல்லி உதவி பெற முயல்பவர்களைப் பற்றி உங்களுக்கு நிறைய எச்சரிப்பார்கள். எச்சரிக்கை தேவைதான்; அத்தகையோரை நானும் கண்டிருக்கிறேன். ஆனால் தமக்கே கேடு விளைக்கும் பொய்யைச் சொல்பவர்களைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை. நீண்ட காலம் பொறுப்பில் இருந்தவர்கள், உடன்வந்தவர் முன்னால், தெருக்காரர் முன்னால், தம் கீழ் வேலை பார்த்தவர் முன்னால் தலைநிமிர்ந்து நிற்பதற்காக உரிமையையே விட்டுக்கொடுப்பார்கள். அத்தகைய பொய்யைக் கணினி உடனே ஏற்றுக்கொள்ளும். ஏனெனில் அதனால் அரசுக்கு இழப்பில்லை. அங்கே ஐயுற வேண்டியவர் நீங்கள் ஒருவர்தான். ஐயுற்ற பிறகு காரணத்தைக் கேட்காதீர்கள், நடந்ததைக் கேளுங்கள். யார் என்ன செய்தார், யார் செய்யச் சொன்னார், மறுநாள் என்னவாயிற்று என்று கேளுங்கள். கேட்டுவிட்டுக் காத்திருங்கள். சரியான சொல்லை நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

இவ்வளவுதான் நான் சொல்ல நினைத்தது. ஆனால் அன்றைய நாளில் இன்னும் கொஞ்சம் மீதம் இருக்கிறது.

அடுத்து முனிராஜின் முறை. சவிதா எத்தனையோ ஆண்டுகளாகக் கேட்டுவந்த கேள்வியைக் கேட்க வாயெடுத்து, நிறுத்தி, "வேலை என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

"நிறுத்திட்டாங்க மேடம்" என்றார் முனிராஜ். பாடம் நன்றாகவே பதிந்திருந்தது.

"யாரு நிறுத்தினது?"

அப்படிக் கேட்க வேண்டிய தேவை விண்ணப்பத்தில் இல்லை. சற்றுமுன் கேட்டவற்றால் சவிதாவின் வாயில் வந்துவிட்டது. முனிராஜ் கதவுப் பக்கம் பார்த்தார்.

ஸ்டெல்லா முன்னதாகவே படியிறங்கிவிட்டிருந்தார். ஆரோக்கியராஜ் கதவருகே நின்றிருந்தார். யாரும் அவரை நிறுத்தவில்லை, தாமே நின்றிருந்தார்.

"கம்பெனி, மேடம்" என்றார் முனிராஜ்.

அதைக் கேட்ட பிறகே ஆரோக்கியராஜ் படியிறங்கிப் போனார்.